நான் பாடு பிரித்த கதை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி, தங்கச்சிமாரே, உங்களுக்கு ஒரு நோய் வரப்போகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெளிக்களத்துக்குப் போய் ஆறு மாதத்தில் அந்த ஊருக்கே உரிய சொல் ஒன்றைப் படித்துவிடுவீர்கள். படித்த கையோடு அதை எங்காவது பெரிய எழுத்தில் எழுதிப்போட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். "பாருங்கள், நான் உங்களில் ஒருவன்" என்று ஊருக்குக் காட்ட வேண்டும் போல இருக்கும். அந்த நேரத்தில் பேனையைப் பைக்குள்ளே செருகிவிட்டு, பால் விடாத ஒரு பிளேன்ரீ குடியுங்கள். நான் குடிக்கவில்லை.

நான் வவுனியாப் பக்கத்து வயல்காரன். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது. அப்படிப்பட்டவனைத்தான் எங்கள் தொண்டு நிறுவனத்தில் மன்னாருக்கு அனுப்பினார்கள், இளைஞர் திட்டங்களுக்குப் பொறுப்பாக. கண்டல் மரம் நடுவது, கரை துப்பரவாக்குவது, நாலு மதத்துப் பிள்ளைகளையும் ஒரே பாயில் இருத்திச் சமாதானம் கதைப்பது, பிரதேச சபைக்கு மனு எழுதப் பழக்குவது என்று வேலைக்குக் குறைவில்லை. எல்லாத் திட்டத்தின் தலையிலும் "இளைஞர் தலைமையில்" என்று இரண்டு சொல் இருக்கும். அதன் பொருள், இளைஞர் முன்னுக்கு நிற்பார்கள், தலைமை பின்னுக்குக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் என்று நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கதிரையில் இருந்தது நான்தான்.

நடந்தது சில வருடங்களுக்கு முன். ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே எனக்குப் போன் வரும். தாழ்வுபாட்டுக்குப் போகிற பாதையில், தாழ்வுபாட்டுக்கு இங்கால் ஒரு கத்தோலிக்க மீனவக் கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் கரைவலை இழுப்பார்கள், கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற தொழில். கடல் கொண்டுவந்து போடுகிற குப்பையும் ஊர் கொண்டுபோய்ப் போடுகிற குப்பையும் அங்கேதான் சந்தித்துக்கொள்ளும். அதைத் துப்பரவாக்க மூன்று இளைஞர் குழுக்கள் சேர்ந்து வருவது என்று ஏற்பாடு. ஒன்று அந்த ஊர்க் குழு. மற்றது முசலிப் பக்கத்து முஸ்லிம் கிராமம் ஒன்றின் குழு. மூன்றாவது பெருநிலத்தில் வயல் செய்கிற ஒரு சைவக் கிராமத்தின் குழு. மூன்றும் ஒரே இடத்தில் கைகோத்து வேலை செய்வது அதுதான் முதல் தடவை.

இதைத் தொடக்கத்திலிருந்து கட்டி எழுப்பியவள் ஜெனிற்றா என்கிற பிள்ளை. இருபத்திரண்டு வயது. மற்ற இரண்டு கிராமத்துக்கும் பஸ்ஸில் போய், தாய்மாரோடு கதைத்து, பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் கோயில் சபையோடும் கதைத்து, எல்லாரையும் சம்மதிக்க வைத்தது அவள்தான். அவளுடைய தகப்பன் சந்தியோகு கரைவலையில் கயிறு இழுக்கிறவர். சொந்த வலை இல்லை, சொந்தப் படகு இல்லை. வலையின் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். சம்மாட்டி வா என்றால் வேலை, வராதே என்றால் அடுப்பு எரியாது. இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துதான் இந்த அலங்கோலம் எல்லாம் நடந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கரையை மூன்றாகப் பிரித்தோம். ஜெனிற்றா வெள்ளைத்தாளில் படம் கீறி, "பகுதி 1, பகுதி 2, பகுதி 3" என்று அழகாக எழுதினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பகுதி என்றால் அரசாங்கக் கந்தோர் மணம் அடிக்கிறதே என்று பட்டது. அந்த வாரம்தான் நான் ஒரு சொல் படித்திருந்தேன். கரைவலை வளைப்பதற்கென்று பிரித்த கரைத்துண்டுக்குப் பாடு என்று பெயர். இன்னாருடைய பாடு, இன்று இன்னாருடைய முறை என்று ஊருக்குள்ளே கணக்காக வைத்திருப்பார்கள். அடடா, என்ன சொல், மண்ணின் சொல், என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. பகுதியை வெட்டிவிட்டு மூன்று இடத்திலும் பாடு என்று எழுதச் சொன்னேன்.

ஜெனிற்றா பேனையை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. "சேர், பாடு எண்டு போடாதேங்கோ. ஆக்கள் வேற மாதிரி எடுப்பினம்" என்றாள்.

மக்களுடைய மொழியில் கதைக்க வேண்டும் பிள்ளை என்று தொடங்கி, ஒரு முக்கால் மணித்தியாலம் நான் விளக்கம் கொடுத்தேன். பக்கத்து ஊரின் பெயரிலேயே பாடு இருக்கிறதே, அங்கே யாராவது அடிபட்டுக்கொண்டா இருக்கிறார்கள் என்று மடக்கினேன். அவள் மரியாதையான பிள்ளை, எழுதிவிட்டாள். "பாடு 1" என்பதற்குக் கீழே அந்த ஊர்க் குழுவின் பெயர், "பாடு 2" என்பதற்குக் கீழே முஸ்லிம் குழுவின் பெயர், "பாடு 3" என்பதற்குக் கீழே வயல்கிராமத்துக் குழுவின் பெயர். அதே மாதிரி மூன்று பலகையும் எழுதி, சனிக்கிழமை பின்னேரம் கரையில் நட்டோம். பலகையில் முதலில் வந்து முதுகு தேய்த்தது ஒரு மன்னார்க் கழுதை. அது ஒன்றுதான் அந்தப் பலகையைத் தப்பாக விளங்கிக்கொள்ளவில்லை.

தாளின் தலைப்பில் "கரையோரத் துப்பரவுப் பணி, எல்லோரும் வாரீர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பலகை நடுவதற்கு முன்பு, வெள்ளிக்கிழமை இரவே நான் அதைப் போனில் படம் எடுத்து, எல்லாக் குழுவுக்கும் வட்ஸ்அப்பில் போட்டேன். படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு கையால் தாளைப் பிடித்து மறு கையால் எடுத்த படம். தலைப்பு முழுவதையும் என் பெருவிரல் மறைத்துக்கொண்டு படுத்திருந்தது. துப்பரவு என்ற பேச்சே படத்தில் இல்லை. மற்ற இரண்டு ஊருக்கும் கரையில் ஒரு கூட்டு வேலை, விபரம் தாளில் வரும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். மன்னார்க் கரையைப் பாடு பாடாகப் பிரித்து, ஊருக்கு ஒன்று, முஸ்லிம் ஆட்களுக்கு ஒன்று, வயல்காரருக்கு ஒன்று என்று கொடுத்திருக்கிற ஒரு படம், மேலே ஒரு பெருவிரல், கீழே எங்கள் நிறுவனத்தின் முத்திரை. இரண்டு மணித்தியாலத்தில் அது தலைமன்னார் வரைக்கும் போய்விட்டதாம்.

எனக்கு வந்த பதில் எல்லாம் கட்டைவிரல் படம்தான். எல்லாருக்கும் நல்ல சந்தோசம் என்று நினைத்து நிம்மதியாகப் படுத்தேன். என் பெருவிரலைப் பார்த்துப் பகிடி பண்ணுகிறார்கள் என்று யார் கண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கரைக்குப் போனபோது ஜெனிற்றா முதலாம் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். கண் சிவந்து வீங்கிப்போயிருந்தது. சளியா பிள்ளை என்று கேட்டேன், மடையன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதல்நாள் பின்னேரம் சம்மாட்டியார் அவளுடைய தகப்பனைக் கூப்பிட்டாராம். பரம்பரைப் பாட்டை உன்னுடைய மகள் பிரித்துக் கொடுத்திருக்கிறாள், திங்கட்கிழமை நீ கயிற்றுக்கு வரவேண்டாம் என்றாராம். தகப்பன் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லையாம், சாப்பிடவும் இல்லையாம். அவளுக்குக் கீழே படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். "அப்பா என்னை ஏசியிருந்தாலும் பரவாயில்லை சேர்" என்றாள். "நான் சொன்னனான்தானே" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பலகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவோமா என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள், இல்லை என்று. இப்போது பிடுங்கினால் களவெடுக்க வந்து அகப்பட்டு ஓடினது என்றுதான் ஊர் சொல்லும், அப்பாவுக்கு முகம் இல்லாமல் போகும் என்றாள். பங்குத்தந்தையிடம் போவோம் என்றேன். அவர் காலைப் பூசையை முடித்த கையோடு மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டாராம். இப்படியான நேரத்தில் பங்குத்தந்தைமார் எல்லாரும் மடுவுக்குத்தான் போயிருப்பார்கள், நீங்களும் போகப் போக அறிவீர்கள்.

அதற்குள் கரையில் ஆட்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். முதலில் வந்தது பூசை முடிந்து வந்த அம்மாமார். தலையில் முக்காடு, கையில் செபமாலை. தபசுகாலம் அது, இயேசு பட்ட துன்பங்களை நினைத்துக் கத்தோலிக்கர் நோன்பிருக்கிற நாற்பது நாள். தபசுகாலத்தில் கத்தோலிக்க ஊர் ஒன்றில் கரையோரமாகப் பாடு ஒன்று, பாடு இரண்டு, பாடு மூன்று என்று பலகை நட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆண்டவர் பட்ட பாடுகள் என்றுதான் நினைப்பார்கள். முதலாம் பலகையடியில் மணலில் முழந்தாள் இட்டுச் செபிக்கத் தொடங்கினார்கள். ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, நல்ல காரியம் செய்தீர்கள் சேர், ஆனால் சிலுவைப்பாதைக்குப் பதினாலு நிலை இருக்க, ஏன் மூன்றோடு நிற்பாட்டினீர்கள் என்று கேட்டார். அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்ததாக ஒரு லான்ட்மாஸ்டர், பெட்டி பூட்டிய கை உழவு இயந்திரம், வந்தது. முசலிப் பக்கத்திலிருந்து, விடியற்காலையே வெளிக்கிட்டு. பெட்டிக்குள்ளே இளைஞர் குழு இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். குழு இருந்தது, ஒரு வலைக்கு மேலே. முழுக் கரைவலை, கயிறும் மிதப்பும் எல்லாமாக. முன்னுக்கு வெள்ளைத் தொப்பியோடு ஒரு ஹாஜியார். அந்தப் பிள்ளைகளில் ஒருவனுடைய மூத்த வாப்பா, பாட்டன். இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். யுத்தத்தில இடம்பெயர்ந்து போய்வந்த சனத்துக்கு ஆரும் ஒரு பாடு தந்ததில்ல. ரெண்டாம் பாடு எது மகன்?" என்றார். கக்கத்தில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வேறு. அந்த மனிதனுடைய கண்ணில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தபோது எனக்கு அங்கேயே நிலத்துக்குள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. இது பகிடி இல்லை. ஒரு மனிதனுக்கு ஆசை காட்டி ஏமாற்றிவிட்டேன், அதுவும் ஒரு பெருவிரலால்.

மூன்றாவது குழு பஸ்ஸில் வந்தது. வயல்கிராமத்துப் பிள்ளைகள் ஆர்மோனியம், மிருதங்கம், இரண்டு சோடி தாளம் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாரும் திருநீறு பூசி, வேட்டியும் சாறியும் உடுத்து வந்திருந்தார்கள். குழுத் தலைவன் என்னிடம் வந்து, "சேர், பாடு மூண்டு எண்டு போட்டிருந்தது. நாங்கள் நாலு பாட்டுப் பழகியிருக்கிறம், பரவாயில்லையோ?" என்றான். பாடு என்றால் அவர்களுக்குப் பாடுவதுதானே. நானும் வயல்காரன்தான், எனக்கும் அதற்கு முந்தின வாரம் வரைக்கும் அப்படித்தான். நல்லது தம்பி, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

ஆக, மூன்று மதத்தையும் ஒன்றுசேர்க்கிற திட்டத்தில் ஒரு சொல்லை நான் எழுத, ஒரு பக்கம் செபம், ஒரு பக்கம் வலை, ஒரு பக்கம் ஆர்மோனியம். அந்த நேரம் பார்த்துத்தான் சம்மாட்டிமார் வந்தார்கள்.

ஏழெட்டுப் பேர். முன்னுக்கு வந்தவர் சந்தியோகுவின் சம்மாட்டியார், பெரிய உடம்பு, தடித்த குரல். பின்னுக்கு ஊர் ஆண்கள் எல்லாரும். சந்தியோகு கடைசியில், படகு ஒன்றுக்கு மறைவில் நின்றார், தலையைத் தூக்கவே இல்லை. சம்மாட்டியார் வலையை ஏற்றிய லான்ட்மாஸ்டரைப் பார்த்தார், ஹாஜியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆரைக் கேட்டு எங்கட பாட்டைப் பிரிச்சனீங்கள்?" என்றார்.

பின்னுக்கு நின்றவர்களில் ஒருவன் பலகையைப் பிடுங்கப் போனான். செபித்துக்கொண்டிருந்த அம்மாமார் அவனை ஏசினார்கள், ஆண்டவருடைய பாட்டில் கை வைக்கிறாயோ என்று. லான்ட்மாஸ்டரில் இருந்த பெடியன்கள் எழும்பி நின்றார்கள். ஹாஜியாரின் முகம் மாறிவிட்டது, பேரீச்சம்பழப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு கல், ஒரேயொரு கல் எறிபட்டால் போதும். பிறகு அந்தக் கரையில் பத்து வருடத்துக்கு யாரும் சமாதானம் என்று வாய் திறக்க முடியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒலிபெருக்கியை எடுத்தேன். எங்கள் தொழிலில் பயம் வந்தால் ஒலிபெருக்கியை எடுப்பது ஒரு பழக்கம். எனக்கு வாயில் வந்த வசனமும் நன்றாக நினைவிருக்கிறது: "அன்பான மக்களே, கடற்கரை என்பது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது." எவ்வளவு அழகான வசனம், பயிற்சிப் பட்டறையில் கைதட்டு வாங்கக்கூடியது. பரம்பரைப் பாட்டுக்காகச் சண்டைக்கு வந்து நிற்கிற எட்டுச் சம்மாட்டிமாருக்கு முன்னால் அதைச் சொல்வதென்றால், உயிர்க் காப்புறுதி இருக்க வேண்டும். "அன்பான மக்களே" வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜெனிற்றா வயரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

அவள் என்னைத் தாண்டி நேரே சம்மாட்டியாருக்கு முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. நானும் போய் அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"மாமா, எனக்கொரு சந்தேகம், கேக்கட்டோ? ஒரு பாட்டில வலை வளைச்சா, வலையின்ர மடியில வாற மீன் ஆருக்கு?"

சம்மாட்டியார் இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். "பாட்டுக்காரனுக்கு."

"சொறி வந்தா?"

சொறி என்றால் ஜெலி மாதிரி இருக்கிற அந்தக் கடிக்கிற சாமான், யாருக்கும் உதவாது. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். "அதுவும் பாட்டுக்காரனுக்குத்தான். ஆர் அதில பங்கு கேக்கப் போறான்?" என்றார் சம்மாட்டியார்.

"கரையில ஒதுங்கிறது?"

இங்கேதான் அவருக்கு வீரம் வந்துவிட்டது. அவ்வளவு சனத்துக்கு முன்னால் உரிமையைச் சொல்லக் கிடைத்த இடம் அல்லவா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார், "பாட்டுக்குள்ள ஒதுங்கினா ஒரு ஈர்க்குச்சி எண்டாலும் பாட்டுக்காரன்ர. அப்பு காலத்தில பெரிய மரமொண்டு ஒதுங்கினது. ஆரையும் தொட விடேல்ல நாங்கள். தொட்டவனை வெட்டியிருப்பம்." மற்றச் சம்மாட்டிமாரும் ஓம், ஓம் என்றார்கள்.

ஜெனிற்றா குனிந்தாள். காலடியில் குழந்தைக்குக் கட்டிக் கழற்றி வீசிய பம்பஸ் ஒன்று, கடல் தண்ணீரில் ஊறிப் பலாப்பழ அளவுக்கு வந்துவிட்டது. அதை ஒரு தடியால் பக்குவமாகத் தூக்கிக் கொண்டுபோய், சம்மாட்டியாருடைய காலடியில் மரியாதையாக வைத்தாள்.

"அப்ப இது உங்கடதான் மாமா. நாங்கள் தெரியாமல் எடுக்க வந்திட்டம். குறை நினைக்காதேங்கோ."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜெனிற்றா என் காலைத் தன் குதிக்காலால் மிதித்தாள், நன்றாக நோகும்படி. அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. நான் சிரித்தால் சம்மாட்டியார் தோற்றுப்போவார். அவர் தோற்றால் திங்கட்கிழமை சந்தியோகுவுக்குக் கயிறு இல்லை. அவள் ஒரு பகிடியும் விடவில்லை, முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்க வந்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். உண்மையாகவே பயந்துபோயும் இருந்தாள்.

முதலில் வாய் திறந்தது ஹாஜியார். அவர் இரண்டாம் பலகைப் பக்கமாக ஒருதரம் பார்த்தார். அந்தத் துண்டில்தான் குப்பை அதிகம். பொலித்தீன், செருப்பு, சோடாப் போத்தல், உரப்பை, கதிரையொன்றின் கால் எல்லாம் கிடந்தது. "மகன், அந்த ரெண்டாம் பாடு எங்களுக்கு வேணாம். நாங்க விருந்தாளியா இருந்திட்டுப் போறம்" என்றார். சம்மாட்டிமாரில் ஒருவர் சிரித்துவிட்டார். ஹாஜியாரும் சிரித்தார், ஆனால் வலையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்த சண்டையை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு சாண் கரைக்கு உயிரைக் கொடுப்போம் என்று நின்ற ஆட்கள், இப்போது எல்லையை உள்ளுக்கு இழுக்கத் தொடங்கினார்கள். அந்த உரப்பை என்னுடைய பாட்டில் இல்லை, அந்தப் பனையிலிருந்துதான் என்னுடையது தொடங்குகிறது என்றார் ஒருவர். போன வருடம் பனைக்கு அங்கால் என்று சத்தியம் பண்ணினாயே என்றார் மற்றவர். ஒருவர் தன் காலால் ஒரு சோடாப் போத்தலை மெல்லத் தட்டிப் பக்கத்துப் பாட்டுக்குள் தள்ளியதை நான் என் கண்ணால் கண்டேன்.

சம்மாட்டியார் மட்டும் அசையாமல் நின்றார். காலடியில் பம்பஸ். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உரிமை இல்லை என்று சொன்னால் பாடு போகும், உரிமை என்று சொன்னால் பம்பஸ் வரும். ஜெனிற்றாவும் ஒன்றும் சொல்லவில்லை, அவர் யோசிக்கும் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த மௌனத்தைக் கவனியுங்கள், பிள்ளைகளே. நானாக இருந்தால் அந்த இடத்தில் கட்டாயம் ஏதாவது பேசியிருப்பேன், காரியத்தையும் கெடுத்திருப்பேன்.

கடைசியில் அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். "என்ர பாட்டில கிடக்கிறதை நான் எடுப்பன்" என்றார், ஊருக்கே கேட்க. "வேற ஒருத்தனும் கை வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்." குனிந்து பம்பஸை எடுத்தார்.

அவ்வளவுதான். பெரியவர் எடுத்த பிறகு மற்றவர்கள் நிற்க முடியுமா? ஒவ்வொரு சம்மாட்டியும் தன் ஆட்களோடு தன் பாட்டுக்குள் இறங்கினார். யாருடைய பாடு முதலில் துப்பரவாகிறது என்று போட்டி வேறு. எங்கள் பிள்ளைகள் சாக்கோடு போனால், விடு விடு, இது எங்கள் பாடு என்று துரத்தினார்கள். வேலை இல்லாமல் நின்ற வயல்கிராமத்துப் பிள்ளைகள் மணலில் இருந்து ஆர்மோனியத்தைத் திறந்தார்கள். நாலு பாட்டும் பாடி முடித்து, அம்மாமார் கேட்டதால் மாதாவுக்கும் ஒரு பாட்டுப் பாடினார்கள், மெட்டு மட்டும் முருகனுடையது. ஹாஜியாருடைய பேரீச்சம்பழம் எல்லாருக்கும் ஒவ்வொன்று வந்தது. பதினொரு மணிக்குக் கரை பளிச்சென்று கிடந்தது.

தலைமைக் கந்தோரில் அறிக்கைக்குப் படம் கேட்டார்கள், அனுப்பினேன். இளைஞர் தலைமையிலான திட்டம் என்கிறீர்கள், படத்தில் இளைஞர் ஒருவரும் இல்லையே, கோபமாக இருக்கிற ஐம்பது வயது ஆட்கள்தானே நிற்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். சரியான கேள்விதான். தலைமை எங்கே இருந்தது என்று படத்தில் தெரியாது. பம்பஸைத் தூக்கி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிடத்தில் இருந்தது அது. ஹாஜியாரிடம் நான் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். தொழில் தேடித் தவிக்கிற ஆட்களுக்கு வட்ஸ்அப்பில் எதையும் அனுப்பும்போது கவனமாக இருக்க வேணும் மகன் என்று மட்டும் சொன்னார். ஏசியிருக்கலாம் அவர்.

இதோடு கதையை முடித்துக் கைதட்டு வாங்கலாம், பல மேடையில் வாங்கியும் இருக்கிறேன். ஆனால் உங்களுக்கு முழுவதையும் சொல்ல வேண்டும். கரை துப்பரவானது எனக்கு வெற்றி. ஜெனிற்றாவுக்கு இன்னும் எதுவும் முடிந்திருக்கவில்லை. சம்மாட்டியார் போகும்போது அவளோடும் பேசவில்லை, தகப்பனோடும் பேசவில்லை. திங்கட்கிழமை வா என்று ஒரு சொல் வரவில்லை.

திங்கட்கிழமை காலை நானும் கரைக்குப் போனேன். ஜெனிற்றா கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் நின்றாள், தகப்பனுக்குத் தெரியாமல். வலை வளைத்து இரண்டு பக்கத்துக் கயிறும் கரைக்கு வந்துவிட்டது. இழுக்கிற ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சந்தியோகு வரிசையில் சேராமல், பத்து அடி தள்ளி, இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டில் இருக்கவும் முடியவில்லை, கயிற்றைத் தொடவும் உரிமை இல்லை. சம்மாட்டியார் வரிசையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"என்ன சந்தியோகு, நிண்டு பாக்கிறாய்?" என்றார் சம்மாட்டியார். "உன்னை நிப்பாட்டினா, குப்பைக்குக் கோவிச்சவன் எண்டு எனக்குப் பட்டம் வைப்பாங்கள். வந்து பிடி."

சந்தியோகு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். உண்மையாகவே ஓடினார், அந்த வயதில். படகுக்குப் பின்னால் ஜெனிற்றா மணலில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு நாளாக அடக்கி வைத்த அழுகை. உளவள ஆலோசனையில் மூன்று பயிற்சி முடித்தவன் நான், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் என்ன சொல்வதென்று தெரியவில்லை. செய்வதறியாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்ச் சந்தியோகுவுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். முதல் இழுப்பிலேயே மணலில் குப்புற விழுந்தேன்.

"சேர், நீங்கள் கயித்தை விடுங்கோ" என்றார் சம்மாட்டியார். "நீங்கள் பிடிச்சா மடியில மீன் வராது, அறிக்கைதான் வரும்."

கயிற்று வரிசை முழுக்கச் சிரித்தது, சந்தியோகுவும் சிரித்தார். நான் வாய் நிறைய மணலோடு திரும்பிப் பார்த்தேன். படகுக்குப் பின்னால் ஜெனிற்றா, ஈரம் காயாத முகத்தோடு, சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் கயிற்றை விட்டேன்.